ஆடுதரையில் பதினோரு காய்ந்த திட்டுகள்: ஒரு பருவத்தின் வேலைப் பதிவு

காலை ஆறு மணிக்கு இரண்டு பேர் நீளக் கயிறு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஆடுதரையின் குறுக்கே மெல்ல நடப்போம். புல் நுனியில் நிற்கும் பனியைக் கயிறு தட்டிவிட்டுப் போகும். இலையில் ஈரம் வெகுநேரம் தங்கினால் பூஞ்சை நோய் பிடிக்கும் என்பதால் எங்கள் லான் பௌல்ஸ் கிளப்பில் அன்றாடம் முதல் வேலை இதுதான். அப்படி ஒரு நாள் நடந்தபோது, சில இடங்களில் கயிறு எதையும் தட்டவில்லை என்பதைக் கண்டேன். சுற்றிலும் வெள்ளி பூசினாற்போல் பனி, நடுவில் மட்டும் வெறும் பச்சை. ஈரம் குறைவாக இருப்பது நல்லதுதான் என்று நினைத்து மேலே நடந்துவிட்டேன். பத்தே நாளில் அந்த இடங்களெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிட்டன. எண்ணிப் பார்த்தோம், பதினோரு திட்டுகள். சிறியது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு, பெரியது இருவர் கைகோத்து நின்றால் அடங்கும் அளவு.

எங்கள் கிளப்பில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பதினான்கு உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு தரையையும் கட்டடத்தையும் பார்த்துக்கொள்கிறோம். இருபது ஆண்டுகளாகத் தரையைக் காத்துவந்த பெரியவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவர் கரையோரத்துப் பெஞ்சில் அமர்ந்து சொல்வார், நாங்கள் செய்வோம். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் எங்களிடம் இருக்கின்றன. இந்தப் பதிவும் அந்த வரிசையில் நான் எழுதியவற்றிலிருந்து எடுத்ததுதான்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஜாக் என்ற சின்னப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். அதற்கு மிக அருகில் யாருடைய பௌல், அதாவது உருட்டிவிடும் பெரிய பந்து, போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பௌல் முழு உருண்டை அல்ல, ஒரு பக்கம் சற்றே குறைத்து வடித்திருக்கும். அதனால் வேகம் குறையக் குறைய அது ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான் வளைவு அதிகம். தரையின் குற்றங்குறைகள் அத்தனையும் வெளிப்படுவது அந்த இடத்தில்தான். விரைந்து போகும்போது பந்து பொருட்படுத்தாத 5 மில்லிமீட்டர்த் தாழ்வு, நிற்கப்போகும் தருணத்தில் அதைக் கையைப் பிடித்து இழுத்துவிடும். காய்ந்த திட்டு என்றால், அங்கே புல் மெலிந்து பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரே ஆடுபாதையில் இரண்டு விதத் தரை இருந்தால் ஆடுபவரின் திறமைக்கு மதிப்பே இல்லாமல் போகும்.

எங்கள் தரை 38 மீட்டர் சதுரம். ஆடும் திசையில் நீளம் 31 முதல் 40 மீட்டர் வரை இருக்கலாம் என்பது சர்வதேச விதி. புல், அறுகின் கலப்பின வகை. அறுகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துகிறோமே, அதே குடும்பம்தான். மண்ணுக்கு மேலேயும் கீழேயும் தண்டோட்டிக் கொடுத்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். இந்தக் கலப்பின வகைகள் விதை வைப்பதில்லை என்பதால் வெற்றிடம் விழுந்தால் விதை தூவிச் சரிசெய்ய முடியாது. பக்கத்துத் தண்டு ஓடிவந்து மூடினால்தான் உண்டு. குளிர்ந்த பகுதிகளில் பென்ட், ஃபெஸ்கியூ போன்ற புல்வகைகளை வளர்க்கிறார்கள். நியூஸிலாந்தில் பல தரைகளில் இருப்பது கொட்டூலா, அது புல்லினமே அல்ல. எந்தச் செடியானாலும் அதை மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி, அதே நேரத்தில் உயிரோடும் வைத்திருப்பதுதான் வேலை.

திட்டுகளைப் பார்த்ததும் நோய் என்று முடிவுகட்டினோம். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களைப்போல் தொண்டர்களாக வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. பூஞ்சைக்கொல்லி வாங்கி, கையுறை போட்டு, குறிப்புத் தாளில் சொன்ன அளவுப்படி தெளித்தோம். இரண்டு வாரம் காத்திருந்தோம். ஒரு திட்டுகூடச் சுருங்கவில்லை. பிறகுதான் பெரியவர் ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வரச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வோர் இலையாக விரித்துப் பார்த்தார்.

"தம்பி, நோய் வந்த இலையில் குறுக்கே வைக்கோல் நிறப் பட்டை விழும், அதன் இரு ஓரமும் செம்பழுப்பாக இருக்கும். விடியற்காலையில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வெண்ணிழை படர்ந்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராகக் காய்ந்திருக்கிறது. இது தாகத்தில் செத்த புல்."

தாகம் என்றதும் எனக்குக் கோபமே வந்தது. தினமும் மாலையில் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்ததே. திட்டுகள் தோன்றிய பிறகு நேரத்தைக் கூட்டியும் வைத்திருந்தோம். திட்டுகளைச் சுற்றியிருந்த புல்லில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கியது.

"மேலே நின்று பேசிப் பயனில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்" என்றார்.

விரல் பருமனுள்ள எஃகுக் குழாயை மரச்சுத்தியலால் 15 சென்டிமீட்டர் இறக்கி, மெல்லத் திருகி வெளியே எடுத்தோம். காய்ந்த திட்டிலிருந்து ஒன்று, நன்றாக இருக்கும் இடத்திலிருந்து ஒன்று. இரண்டு மண்துண்டுகளையும் ஒரு பலகையில் அருகருகே கிடத்தினோம். நல்ல இடத்துத் துண்டு கருமையாக, ஈரமாக, உடையாமல் கிடந்தது. வெள்ளை வேர்கள் கடைசிவரை இறங்கியிருந்தன. திட்டிலிருந்து எடுத்தது குழாயை விட்டு வரும்போதே உதிர ஆரம்பித்தது. மேலே 18 மில்லிமீட்டருக்குப் பழுப்புச் செத்தை, தேங்காய் நார்போல் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிற மணல், சலித்த மாவுபோல் காய்ந்து போயிருந்தது. தினமும் தண்ணீர் விழுந்த தரையின் அடியில் அப்படி ஒரு மணலை நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் குழுவில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார். டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர்தான் அடுத்த சோதனையைச் செய்து காட்டினார். மண்துண்டை நிழலில் உலரவிட்டு, மருந்துச் சொட்டுக் குழலால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சொட்டு வைத்தார். மண் நலமாக இருந்தால் சொட்டு உடனே உறிஞ்சப்பட்டுவிடும். 5 வினாடிக்கு மேல் நின்றால் அந்த மண் தண்ணீரைத் தள்ளுகிறது என்று பொருள். செத்தைக்குச் சற்றுக் கீழே, இரண்டாம் சென்டிமீட்டரில் வைத்த சொட்டு தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. எதிர்ப்பக்கத்து மரத்தின் நிழல்கூட அந்தச் சொட்டில் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு நிமிடம் தாண்டியும் அது அசையவில்லை. ஆறாம் சென்டிமீட்டரில் வைத்த சொட்டோ வைத்த கணமே மறைந்துவிட்டது.

காரணத்தை டீச்சர் அன்றே விளக்கினார். செத்துப்போன தண்டும் வேரும் மட்கும்போதும், மண்ணில் பூஞ்சை இழைகள் வளரும்போதும் மெழுகுபோன்ற ஒரு பொருள் உண்டாகிறது. அது மணல் துகள்களின்மேல் படலமாகப் படிகிறது. களிமண்ணைவிட மணலில் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் மணல் துகள்களின் மொத்தப் பரப்பு குறைவு, கொஞ்சம் மெழுகே அத்தனையையும் மூடிவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மண் மீண்டும் தண்ணீரை ஏற்பதில்லை. மேலே விழும் நீர் திட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து நல்ல மண்ணில் இறங்கிவிடுகிறது. ஆக, நாங்கள் கூட்டிவைத்த நேரமெல்லாம் நல்ல புல்லைச் சேறாக்கியதே தவிர, காய்ந்த புல்லின் வேருக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. திட்டில் பனி இறங்காததும் இதனால்தான். அந்தக் காலை கயிறு காட்டிக்கொடுத்த அடையாளத்தை நான் படிக்கத் தவறியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தரை முழுதும் ஒரே மணல், ஒரே புல். பிறகு ஏன் இந்தப் பதினோரு இடங்களில் மட்டும்? முதலில் அங்கே தண்ணீர் குறைந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க, ஒரே அளவுள்ள பதினாறு குவளைகளைத் தரையில் சம இடைவெளியில் வைத்துத் தெளிப்பான்களை 15 நிமிடம் ஓட்டினோம். பிறகு ஒவ்வொன்றிலும் அளவுகோலை நிறுத்திப் பார்த்தோம். சராசரி 4.2 மில்லிமீட்டர். மிகக் குறைவாக நிரம்பிய நான்கு குவளைகளின் சராசரி 2.1. அதாவது மிக மோசமான கால்பகுதிக்குச் சராசரியில் பாதிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த நான்கில் மூன்று குவளைகள் திட்டுகளின்மேல் அல்லது அவற்றை ஒட்டி நின்றன.

அந்த இடங்களுக்கு நீர் வரும் தெளிப்பான்களைச் சுற்றி மண்ணைத் தோண்டினோம். ஒரு தெளிப்பான் தலை வருடக்கணக்கில் மணல் தூவியதில் தரைமட்டத்துக்குக் கீழே போய்விட்டிருந்தது. மேலெழும்பினாலும் சுற்றியிருந்த புல்லிலேயே பாதி நீரைப் பீச்சிக்கொண்டிருந்தது. இன்னொன்று சாய்ந்து, ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் தரையையும் நனைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதின் வாயில் மணல் அடைத்திருந்தது. முதல் இரண்டின் தலைகளையும் உயர்த்தி, ரசமட்டம் வைத்து நிமிர்த்தினோம். மூன்றாவதின் வாயைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். மீண்டும் குவளைச் சோதனை செய்தபோது சராசரி 4.3, மோசமான நான்கின் சராசரி 3.4. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுதும் இதற்கே போயிற்று. பூஞ்சைக்கொல்லிக்குச் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. குவளைகளை முதலிலேயே வைத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

அடுத்தது மண்ணைத் தண்ணீர் குடிக்கவைக்கும் வேலை. இதற்காக நான்கு வாரம் தரையை மூட வேண்டும் என்று சொன்னதும் உறுப்பினர்களில் பலர் கொதித்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆடும் பருவம் குறுகியது, அதில் நான்கு வாரம் என்பது பெரிய இழப்பு. ஆனால் அறுகு வேகமாக வளரும் வெப்பமான நாட்களில் துளையிட்டால்தான் அது தானாகவே மூடிக்கொள்ளும். பருவம் முடியட்டும் என்று காத்திருந்தால் துளைகள் அடுத்த பருவம்வரை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மண்துண்டுகளைப் பலகையோடு கூட்டத்துக்கு எடுத்துப்போய், எல்லோர் முன்னிலையிலும் டீச்சர் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். சொட்டு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

துளையிட எங்களிடம் இருந்தது நான்கு குழல் முட்கள் கொண்ட கைமுள்தான். காலால் மிதித்து இறக்கினால் நான்கு மண் உருளைகளை வெட்டி மேலே தள்ளும். தரை முழுதும் செய்ய இயந்திரம் வேண்டும், திட்டுகளுக்கும் அவற்றைச் சுற்றி அரை மீட்டருக்கும் என்றால் கையால் முடியும். மொத்தம் அறுபது சதுர மீட்டர் வந்தது. ஏழு எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு துளை என்ற கணக்கில் பத்தாயிரம் துளைகள், இரண்டாயிரத்து ஐந்நூறு மிதிகள். எட்டுப் பேர் இரண்டு காலைகளில் மாறிமாறி மிதித்தோம். முதல் நூறு மிதிக்குள் உள்ளங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். அடி கெட்டியான காலணி கட்டாயம் வேண்டும். வெளியே வந்த மண் உருளைகளை உடனே வாரி அகற்றிவிட வேண்டும். அவற்றில்தான் அந்த மெழுகு மண்ணும் செத்தையும் இருக்கின்றன, உதிர்ந்து திரும்ப உள்ளே போனால் பட்ட பாடு வீண்.

துளையிட்ட அன்றே ஈரமூட்டி மருந்தைக் கரைத்து ஊற்றினோம். மெழுகுப் படலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே பாலமாக நிற்கும் பொருள் அது. இலையில் தங்கினால் கருக்கிவிடும் என்பதால் ஊற்றிய கையோடு தண்ணீர் விட்டு உள்ளே இறக்கிவிட வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் போதாதா என்று கேட்டார்கள். போதாது, புல்லைக் கெடுக்கும் அபாயமும் உண்டு. பிறகு ஒரு வாரத்துக்குத் தெளிப்பானை நம்பாமல் குழாயைக் கையில் பிடித்து, திட்டு திட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஒரு முறை நனைத்துவிட்டு அடுத்த திட்டுக்குப் போவது, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வருவது. ஒரேயடியாக ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். நான்காம் நாள் மீண்டும் குழாயை இறக்கி எடுத்தபோது, இரண்டாம் சென்டிமீட்டர் மணல் முதல் தடவையாக விரலில் ஒட்டியது. அந்த ஈரத்தைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை வெகுநேரம் கீழே போடவில்லை.

துளைகளை மணலால் நிரப்ப வேண்டும். எந்த மணல் என்பதில் கவனம் தேவை. ஏற்கெனவே தரையில் இருக்கும் மணலின் பருமனை ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுக்கு அடுக்காகப் பிரிந்து தண்ணீரும் வேரும் அந்த எல்லையில் நின்றுவிடும். உப்புள்ள கடல் மணல் கூடவே கூடாது. நன்றாக உலர்ந்த மணலைத் தூவி, தடித்த கோரைப் பாயைத் தலைகீழாகப் போட்டு இழுத்தோம். மணல் துளைக்குள் இறங்கும் மெல்லிய சரசரப்பு காதில் விழும்.

இங்கே ஒரு தவறு செய்தோம். துளையிடுவதற்கு முந்தைய வாரம்தான் புல்வெட்டும் இயந்திரத்தைக் கூர்தீட்டியிருந்தோம். மணல் தூவிய மூன்றாம் நாள் அதே இயந்திரத்தை இறக்கினோம். மேலே கிடந்த மணல் கத்திக்கும் கத்திக்கும் நடுவே புகுந்து, தீட்டிய கூர்மையை அரைமணி நேரத்தில் தின்றுவிட்டது. மணல் தூவிய பின் முதல் சில வெட்டுகளுக்குப் பழைய இயந்திரத்தைப் பயன்படுத்துவது, கூர்தீட்டலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறோம்.

அந்தக் கூர்தீட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது உருளைக் கத்தி இயந்திரம். சுழலும் கத்திகள் கீழேயுள்ள அசையாத அடிக்கத்தியை உரசியும் உரசாமலும் கடக்கும்போது புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் வெட்டுப்படும். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 1299 முதல் இருந்துவருவதாகச் சொல்லப்படும் ஆடுதரை இன்றும் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் அரிவாளால் வெட்டிய தரையில் ஆடியிருக்கிறார்கள். நீள அரிவாளால் தரையைச் சமமாக வெட்டியவர்களின் கைப்பழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

எங்கள் குழுவில் இயந்திரம் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். முதலில் தீப்பொறிப் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுவார். அதைச் செய்யாமல் உருளையில் கை வைக்க யாரையும் அனுமதிக்க மாட்டார். விரல் போகும் இயந்திரம் அது. பிறகு கைப்பிடி மாட்டி உருளையைத் தலைகீழ்த் திசையில் சுற்ற, இன்னொருவர் நீளக் கைப்பிடித் தூரிகையால் சாணைக் களிம்பைக் கத்தி நெடுகத் தடவ வேண்டும். முதலில் கரகரவென்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். எங்கே சத்தம் இல்லையோ அங்கே கத்திகள் தொடவில்லை. அடிக்கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே போனால், சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராக மாறும். கத்தி ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு முழு நீளத்துக்கும் அறுபடாமல் தெரியும். அப்போது நிறுத்திக் களிம்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டுச் செய்தித்தாள் கீற்றுகளை வைத்துப் பார்ப்போம். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று எங்கே வைத்தாலும் தாள் கசங்காமல், இழுபடாமல் வெட்டுப்பட வேண்டும். வலது ஓரத்தில் தாள் மடிந்தது. அண்ணன் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். அடுத்த கீற்று சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது.

வெட்டும் உயரம் சாதாரணமாக 4 மில்லிமீட்டர். திட்டுகள் ஆறும்வரை 6 இல் வைத்திருந்தோம். இலை கூடுதலாக இருந்தால் வேருக்கு உணவு கூடுதலாகப் போகும். இறக்கும்போதும் அரை அரை மில்லிமீட்டராகத்தான் இறக்கினோம். ஒவ்வொரு முறையும் வெட்டும் திசையை மாற்றுவதும் முக்கியம். ஒரே திசையில் வெட்டினால் புல் அந்தப் பக்கமே சாய்ந்து படுத்துப் பந்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

மூடிய நான்கு வாரத்தில் மூன்றாம் ஆடுபாதையின் தாழ்வையும் எடுத்துக்கொண்டோம். வலப்பக்கமாக விட்ட பந்து வளையாமல் நின்றுவிடுகிறது என்று இரண்டு பருவமாகப் புகார் இருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி என்று மட்டம் எடுத்துத் தாளில் குறித்தோம். ஓரிடத்தில் 9 மில்லிமீட்டர் பள்ளம். அதை ஒரே தடவையில் மணலால் மூடினால் புல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 3 மில்லிமீட்டர் போட்டு, புல் மேலே தலைகாட்டும்வரை மூன்று வாரம் விட்டு, மறுபடியும் 3. தரையைத் திறந்த பின்னும் அந்த ஒரு பாதையை மட்டும் மூடிவைத்து மூன்று தவணையையும் முடித்தோம். கடைசியாக எடுத்த மட்டத்தில் வேறுபாடு 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது.

ஓரப் பள்ளத்தின் கதை வேறு. ஆடுதரையைச் சுற்றி ஓடும் அந்தப் பள்ளத்தைப் பார்வையாளர்கள் வெறும் வடிகால் என்று நினைப்பார்கள். ஜாக்கைத் தொட்ட பௌல் பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டத்தில் உயிரோடுதான் இருக்கிறது. எல்லைக்குள் பள்ளத்தில் விழுந்த ஜாக்கும் அப்படியே. ஆகவே விழுந்த இடத்திலேயே அவை நிற்க வேண்டும், பள்ளத்தின் அடி மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் தெற்குப் பக்கத்தில் அடிமணலோடு பல வருட இலைக்குப்பை கலந்து சேறாகிவிட்டிருந்தது. தரையின் ஓரத்தைத் தாங்கும் மரப்பலகைகள் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தன. அதனால் ஓரத்துப் புல் சரிந்து, கடைசி ஒரு சாண் அகலம் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது.

38 மீட்டரையும் மண்வெட்டியால் வாரி எடுத்தோம். வடிகுழாயின் வாயை வேர்கள் பந்துபோல் அடைத்திருந்தன. கம்பி விட்டு இழுத்ததும் முழங்கை நீளத்துக்கு வேர்க்கற்றை வெளியே வந்தது, தேங்கியிருந்த கறுப்பு நீர் ஐந்து நிமிடத்தில் வடிந்துவிட்டது. மரத்துக்குப் பதிலாக மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பலகை வாங்கி, மீட்டருக்கு ஒரு முளை அடித்து, இழுத்துக் கட்டிய நூலை ஒட்டிப் பொருத்தினோம். பலகையின் மேல்விளிம்பு புல்மட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் பந்து தட்டும், வெட்டும் கத்தியும் அதில் போய் இடிக்கும். பள்ளத்தின் அகலம் 200 முதல் 380 மில்லிமீட்டர் வரை, ஆழம் 50 முதல் 200 வரை என்பது விதி. எங்களுடையது அகலம் 300, ரப்பர்த் துகள் நிரப்பிய பின் ஆழம் 120. கூழாங்கல் மலிவுதான், ஆனால் பௌலின் மேற்பரப்பைக் கீறிவிடும்.

பள்ளம் சேறானதற்குக் கட்டடத்துக் கூரையும் ஒரு காரணம். கூரைத் தாழ்வாரத் தகரக் கால்வாயில் இலை அடைத்து, மழைநீர் கரையின்மேல் கொட்டி மண்ணை அரித்துப் பள்ளத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. கால்வாயைச் சுத்தம் செய்து, இணைப்பைப் பூசி, மேலே வலை போட்டோம். பெஞ்சுகளுக்கு வண்ணம் பூசியதும் அதே நாளில்தான்.

தரையைத் திறப்பதற்கு முந்தைய மாலை வேகம் அளந்தோம். ஜாக்கை 27 மீட்டரில் வைத்து, பௌல் கையைவிட்டு நீங்கியதிலிருந்து ஜாக்கின் அருகில் நிற்கும்வரை எத்தனை வினாடி என்று பார்ப்பது வழக்கம். வினாடி கூடினால் தரை வேகமானது. புதியவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். உராய்வு குறைந்த தரையில் பந்தை மெதுவாக விட்டாலே போய்ச்சேர்ந்துவிடும், மெதுவாகப் போவதால் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பருவத் தொடக்கத்தில் 11 வினாடி இருந்தது. அன்று மாலை இரு திசைகளிலும் சேர்த்து எட்டு முறை உருட்டி எடுத்த சராசரி 13. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, எட்டு அளவுகளும் அரை வினாடிக்குள் நெருங்கி நின்றதுதான். முன்பெல்லாம் ஒரே பாதையில் இரண்டு வினாடி வித்தியாசம் காட்டும்.

பதினோரு திட்டுகளில் ஒன்பது முழுதாக மூடிவிட்டன. பத்தாவதில் உள்ளங்கை அளவு வெற்றிடம் மிச்சம், நான்கு பக்கமிருந்தும் தண்டுகள் ஓடிவந்துகொண்டிருக்கின்றன. ஏழாம் எண் திட்டுதான் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. நடுவே புல் தேறிவிட்டது, ஆனால் சுற்றிலும் கரும்பச்சை வளையம் ஒன்று தெரிகிறது. அதன் ஓரத்தில் நேற்று காலை இரண்டு சிறு காளான்கள் முளைத்திருந்தன. வளையத்தின் உள்ளே ஒன்று, வளையத்தின் மேலே ஒன்று, வெளியே ஒன்று என்று மூன்று மண்துண்டுகளை ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்போகிறோம். குழாயைக் கழுவி எண்ணெய் தடவி வைத்துவிட்டேன். சொட்டுக் குழலை டீச்சர் கொண்டுவருகிறார்.